ஜெர்மனியில் படிப்பு இலவசம்தானா? ஒரு கேள்வியும் அதன் பின் வளர்ந்த குறிப்புகளும்

7 செப்டம்பர் 2024, வந்த கேள்வி

"தம்பி பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் வேலை பார்க்கிறான். சி.ஜி.பி.ஏ. 7.3. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கப் போவதாகச் சொல்கிறான். அங்கே கல்விக் கட்டணமே கிடையாதாம், பத்து லட்சம் இருந்தால் போதுமாம், மீதியைப் பகுதிநேர வேலையில் சம்பாதித்துக்கொள்ளலாமாம். கோவையில் ஒரு ஏஜென்ட் சொல்லியிருக்கிறார். அப்பா வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகத் தயாராகிவிட்டார். அங்கே படித்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்."

8 செப்டம்பர் 2024

ஜெர்மனியில் முதுகலை படித்து இங்கேயே வேலை பார்ப்பவன் எழுதுகிறேன். கட்டணம் இல்லை என்பது உண்மை. பத்து லட்சம் போதும் என்பது பொய். மீதியைச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. அந்தப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் கட்டணம். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கட்டணம் வாங்குவதில்லை. செமஸ்டருக்கு ஒருமுறை ஒரு பங்களிப்புத் தொகை உண்டு, ஊருக்கு ஊர் மாறும். விதிவிலக்குகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ எல்லாம் அடங்கிய பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இந்த அக்டோபரில் தொடங்கும் செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கப்போகிறது. அதுவும் ஒவ்வொரு செமஸ்டருக்கும்.

அடுத்து, முடக்கப்பட்ட கணக்கு. விசா வாங்க ஓராண்டு வாழ்க்கைச் செலவை ஒரு ஜெர்மன் கணக்கில் முன்கூட்டியே போட்டுவைக்க வேண்டும். மாதா மாதம் ஒரு பங்கு உங்கள் கைக்கு வரும். இந்த செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ, மாதத்துக்கு 992. யூரோ 93 ரூபாய் விற்கிறது. கணக்கு போட்டால் பதினோரு லட்சம். ஏஜென்ட் சொன்ன பத்து லட்சம் இங்கேயே காலி. இன்னும் விமான டிக்கெட் வாங்கவில்லை, வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவில்லை, ஸ்வெட்டர் வாங்கவில்லை.

நான் 2017-இல் வந்தபோது இதே தொகை மாதம் 720 யூரோ. ஆறரை லட்சத்தில் வேலை முடிந்தது. அந்தக் காலத்துக் கதைகளை வைத்துக்கொண்டு இன்றைக்குக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம்.

8 செப்டம்பர் 2024, இரவு

ஏஜென்ட் பற்றி ஒரு வரி விட்டுப்போனது. அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டால் அவர்களுக்குக் கமிஷன் கிடையாது, தனியார் நிறுவனத்தில் சேர்த்துவிட்டால் உண்டு. "இலவசம்" என்று பேச்சைத் தொடங்கி, "உங்கள் மதிப்பெண்ணுக்கு அரசுப் பல்கலைக்கழகம் கிடைக்காது, ஆனால் பெர்லினில் நல்ல தனியார் ஒன்று இருக்கிறது" என்று முடிப்பார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம். அந்த வாக்கியம் வந்தவுடன் தம்பியை எழுந்து வரச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தைத் தானே போடலாம். நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம், 18,000 ரூபாய். பல பல்கலைக்கழகங்களுக்கு யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையம் வழியாகப் போக வேண்டும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 30. பொறுமை உள்ள எவனும் செய்துவிடலாம். பொறுமை இல்லாதவன் ஜெர்மனிக்கு வரவே வேண்டாம், இங்கே எல்லாமே தபாலில் நடக்கிறது.

9 செப்டம்பர் 2024

7.3 போதுமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

இங்கே 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி, 5.0 தோல்வி. நம் மதிப்பெண்ணை ஒரு சூத்திரத்தில் போட்டு மாற்றுவார்கள். உச்சப் புள்ளியிலிருந்து உங்கள் புள்ளியைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்.

10-க்கு 7.3, தேர்ச்சிக்குக் குறைந்தபட்சப் புள்ளி 4 என்றால் விடை 2.35. அதே 7.3, தேர்ச்சிப் புள்ளி 5 என்றால் 2.62. பல துறைகளில் வாசல் 2.5-இல் இருக்கிறது. ஒரே பையன், ஒரே உழைப்பு. தேர்ச்சிப் புள்ளி எது என்பதைப் பொறுத்து உள்ளே அல்லது வெளியே. ஆகவே மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் தேர்ச்சிப் புள்ளி என்ன என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்துக்கு நம் ஊரில் எத்தனை நடை நடக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். இப்போதே தொடங்குங்கள்.

14 செப்டம்பர் 2024

வாரம் முழுவதும் யோசித்தேன். மேலே எழுதியதெல்லாம் வாசல் வரைக்கும்தான். உள்ளே போனபின் எங்கே பணம் போகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் கட்டணம் காலமாக வசூலிக்கப்படுகிறது.

முதுகலை என்றால் தாளில் நான்கு செமஸ்டர், 120 கிரெடிட். என்னோடு வந்தவர்களில் நான்கில் முடித்தவர்கள் அபூர்வம். ஐந்து சாதாரணம், ஆறு சகஜம், ஏழுக்கும் ஆள் இருக்கிறது. நானும் ஆறைத் தாண்டியவன். சோம்பேறித்தனம் இல்லை. விசா தாமதமாகி நவம்பரில் வந்து இறங்கினால், அக்டோபரில் தொடங்கிய வகுப்பில் பாதி போயிருக்கும். சில பாடங்கள் குளிர்காலத்தில் மட்டும் நடக்கும்; அதை விட்டால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆய்வேட்டுக்கு வழிகாட்டியைத் தேடுவதிலேயே ஒரு பருவம் கரைந்துவிடும்.

இப்போது கணக்கு. கூடுதலாக ஒரு செமஸ்டர் என்றால் ஆறு மாதம். மாதம் 992 வீதம் 5,952 யூரோ, ஐந்தரை லட்சம். இருபது லட்சம் கடன், பத்து சதவீத வட்டி என்றால் அரையாண்டு வட்டி ஒரு லட்சம். அரையாண்டுச் சம்பளம் போனது தனி.

வங்கித் தவணை விடுப்பையும் பாருங்கள். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் கட்ட வேண்டியதில்லை என்பது பொதுவான விதி. படிப்புக் காலம் என்று வங்கி எழுதிக்கொள்வது இரண்டு ஆண்டு. நீங்கள் மூன்று ஆண்டு படித்தால், ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் ஊரில் அப்பாவுக்குத் தவணைக் கடிதம் வரும். நீட்டித்துக் கேட்கலாம், எழுதிக் கொடுக்க வேண்டும், கிளை மேலாளரின் மனநிலையைப் பொறுத்தது.

"அதான் வேலை பார்க்கலாமே!" என்பீர்கள். பார்க்கலாம். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்பது எல்லை. குறைந்தபட்சக் கூலி இப்போது மணிக்கு 12.41 யூரோ. இருபது மணி நேரமும் கிடைத்தால் மாதம் ஆயிரம் யூரோவுக்குச் சற்று மேல். சாப்பாடு, வாடகை, காப்பீடு எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அந்த இருபது மணி நேரம் எங்கிருந்து வருகிறது? படிப்பிலிருந்துதான். வேலையால் தேர்வு போகும், தேர்வு போனால் செமஸ்டர் நீளும், செமஸ்டர் நீண்டால் பணம் வேண்டும், பணத்துக்கு வேலை. இந்தச் செக்கில் சுற்றிக்கொண்டிருப்பவர்களை நான் ஒவ்வொரு ஊரிலும் பார்த்திருக்கிறேன்.

நானும் சுற்றினேன். ஊருக்கு வெளியே ஒரு பொருள் கிடங்கில் இரவு வேலை. மணிக்கட்டில் ஒரு ஸ்கேனரைக் கட்டிவிடுவார்கள். அது அடுத்த அலமாரி எண்ணைக் காட்டும், கீழே ஒரு பச்சைக் கோடு குறைந்துகொண்டே வரும். கோடு முடிவதற்குள் பெட்டியை எடுத்து வண்டியில் வைக்க வேண்டும். அதிகாலை பஸ்ஸில் உட்கார்ந்து கட்டுப்பாட்டுப் பொறியியல் குறிப்பைத் திறந்தால் அட்டைப்பெட்டித் தூசியில் விரல் ரேகை தாளில் பதியும். வரிகள் தெரியும், ஏறாது.

சம்பாதிக்காதே என்று சொல்லவில்லை. முதல் இரண்டு செமஸ்டருக்கு வேலை பார்க்கத் தேவையில்லாத அளவுக்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரச் சொல்கிறேன். அதன் பிறகு துறைக்குள்ளேயே மாணவ உதவியாளர் வேலை, நிறுவனங்களில் மாணவப் பணியாளர் வேலை என்று தேடலாம். இருபது மணி நேரம் அதே இருபதுதான், ஆனால் கிடங்கில் செலவழித்தது எந்த விண்ணப்பத்திலும் எடுபடாது.

17 செப்டம்பர் 2024

பேச்சைத் திசை திருப்புகிறேன், மன்னிக்க வேண்டாம்.

இன்டெல் நேற்று அறிவித்துவிட்டது: மாக்டெபுர்க் தொழிற்சாலை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைப்பு. நான் படித்த ஊர் அது. கிழக்கு ஜெர்மனியில், எல்ப நதிக்கரையில், பெர்லினுக்கும் ஹனோவருக்கும் நடுவே, வாடகை மலிவான ஊர். 2022 மார்ச்சில் இன்டெல் அங்கே சிப் ஆலை கட்டப்போவதாகச் சொன்னது. பிறகு அது 30 பில்லியன் யூரோ முதலீடு, அரசு 9.9 பில்லியன் மானியம், 3,000 வேலை என்று வளர்ந்தது. அதன் பிறகு என் ஜூனியர்கள் எத்தனை பேர் குறைக்கடத்தி தொடர்பான பாடங்களாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில் "மகன் இன்டெல் ஊரில் படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டார்கள். நான்கு செமஸ்டர் கழித்து வேலைச் சந்தை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தொழிற்சாலையை நம்பி ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

20 செப்டம்பர் 2024

"பயமுறுத்துகிறீர்கள்" என்று ஒருவர். சரி, சிரிக்கவும் ஒன்று சொல்கிறேன்.

முதல் தேர்வு முடிவு வந்தது, 5.0. அப்பா தொலைபேசியில் "எவ்வளவு?" என்றார். "அஞ்சு" என்றேன். "எத்தனைக்கு?" "அஞ்சுக்குத்தான்." அன்று மாலை ராசிபுரம் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் டீக்கடை முழுக்க நான் ஐந்துக்கு ஐந்து. ஊரில் இறங்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்தக் கடைக்காரர் என்னை மேதையாக நடத்துகிறார்.

தேர்வு விஷயத்தில் சிரிக்க முடியாதது இது: பெரும்பாலான துறைகளில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதே பாடப்பிரிவில் ஜெர்மனியின் வேறு பல்கலைக்கழகத்திலும் சேர முடியாது. இங்கே நம் ஊர் அரியர் கிடையாது. அரியர் வைத்துக்கொண்டே கடைசி ஆண்டு வரை ஓட்டிப் பழகியவன் இங்கே வந்து, "எழுதித்தான் பார்ப்போமே" என்று தயாராகாமல் போய் உட்கார்ந்தால் ஒரு வாய்ப்பு வீண். தேர்வுக்குப் பதிவு செய்வதும், குறித்த தேதிக்குள் விலகிக்கொள்வதும் உங்கள் பொறுப்பு. வகுப்புக்குப் போனாயா என்று கேட்க ஆள் இல்லை. வருகைப்பதிவு இல்லை, உள்மதிப்பீடு இல்லை, ஹால் டிக்கெட்டுக்கு யாரும் விரட்டுவதும் இல்லை. வரும்போது இதைச் சுதந்திரம் என்று நினைத்தேன். செமஸ்டர் முடிவில் ஒரே ஒரு தேர்வு, அதில் எல்லாம்.

இன்னொன்று, இதை எல்லா நண்பர்களுக்கும் சொல்லுங்கள். முடிவு வந்தபின் திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் குறிப்பார்கள். நம் ஆட்கள் போக மாட்டார்கள். தோற்ற தாளைப் போய் என்னத்தைப் பார்ப்பது என்ற கூச்சம். நான் போனேன். சின்ன வகுப்பறை, மேசைக்கு ஒரு தாள், சொந்தப் பேனா கூடாது. எதிரில் பேராசிரியரின் உதவியாளர், ஸ்வெட்டரில் பூனை ரோமம். மூன்றாம் கேள்வியில் ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக எழுதியிருந்தேன். அதனால் கீழே வந்த எல்லா எண்களும் தவறு, எல்லாவற்றுக்கும் சிவப்புக் கோடு. "முதல் தவறுக்குத்தானே மதிப்பெண் போக வேண்டும், அதன் பிறகு வழிமுறை சரிதானே?" என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவர் தாளைத் திருப்பினார், பென்சிலால் ஒவ்வொரு வரியாக வந்தார், ஓரத்தில் சின்னதாக ஓர் எண்ணை எழுதினார். 5.0 போய் 4.0 வந்தது. சண்டை போடவில்லை, கெஞ்சவில்லை. ஒரு தவறின் தொடர்ச்சியாக வந்த தவறுகளுக்கு மீண்டும் மதிப்பெண் வெட்டக்கூடாது என்பது இங்கே பல ஆசிரியர்கள் மதிக்கும் வழக்கம்.

அதே தாளில் தோற்ற என் அறைத்தோழன் வரவில்லை.

28 அக்டோபர் 2024

நேற்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளினார்கள். இனி மார்ச் கடைசி ஞாயிறு வரை ஊருக்கும் இங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். டிசம்பரில் மாலை நான்குக்கே இருட்டிவிடும். முதல் குளிர்காலத்தில் காரணமில்லாமல் தூக்கமும் எரிச்சலும் வந்தால் உடம்பு சொல்வதைக் கேளுங்கள், பகலில் வெளிச்சம் இருக்கும்போது வெளியே போய் நடந்துவிட்டு வாருங்கள். மருத்துவரிடம் வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். காப்பீடு மாதம் 120-க்கும் 150-க்கும் நடுவில் பிடித்துக்கொள்கிறது, பயன்படுத்துங்கள்.

வீடு பற்றிக் கேட்டவருக்கு: மாணவர் விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விண்ணப்பிக்க வேண்டும். தனி வீடு என்றால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது. பார்க்காத வீட்டுக்கு யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள். "நான் லண்டனில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவன் திருடன்.

நம் சமையலுக்கும் இந்த நாட்டுச் சுவருக்கும் தீராத பகை. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு சோறு வடிக்கிறோம், ரசம் கொதிக்கிறது, துணியை அறைக்குள்ளேயே காயப்போடுகிறோம். அந்த ஈரமெல்லாம் வெளிச்சுவரில் போய் உட்காரும். முதல் மார்ச்சில் அலமாரியை நகர்த்திப் பார்த்தேன்: சுவரின் கீழ் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூசணம், ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டு வேட்டியின் மடிப்பு வரை ஏறியிருந்தது. முன்பணத்தில் பெரிய பங்கை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். நாளைக்கு இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் விட வேண்டும், பனி பெய்தாலும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கக்கூடாது.

வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று ஒரு கடிதம் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. "என்னிடம் டி.வி. இல்லை" என்று கிழித்துப் போடுவார்கள். டி.வி. இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவே இல்லை. கிழித்தால் அபராதத்தோடு திரும்ப வரும்.

22 டிசம்பர் 2024

மாக்டெபுர்க் கிறிஸ்துமஸ் சந்தையில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒருவன் கூட்டத்துக்குள் காரை விட்டான். ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள், இருநூறுக்கு மேல் காயம். காயமடைந்தவர்களில் ஏழு பேர் இந்தியர்கள் என்கிறது வெளியுறவு அமைச்சகம். நான் அங்கே இல்லை, இப்போது பிரவுன்ஷ்வைக்கில் இருக்கிறேன். அந்தப் பழைய சந்தைத் திடலில் சர்க்கரை பூசிய பாதாம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு நடந்த குளிர்காலங்கள் நினைவுக்கு வருகின்றன. ஜூனியர்களை எல்லாம் அழைத்துப் பேசினேன். இன்று வேறெதுவும் எழுதவில்லை.

சேர்க்கை, 19 ஜனவரி 2025: ஆறாவது நபரும் இறந்துவிட்டார், காயமடைந்தோர் முந்நூறுக்கு மேல். ஓட்டியவர் சவூதியில் பிறந்தவர் என்பதால், அதற்குப் பின் அந்த ஊரில் வெளிநாட்டு முகம் உள்ளவர்கள் மீது வசை, எச்சில் துப்புதல் எல்லாம் நடப்பதாகப் புகார்கள். "கிழக்கு ஜெர்மனி பாதுகாப்பா?" என்று தனியாகக் கேட்டவருக்கு: நான் அங்கே இருந்த காலத்தில் டிராமில் என்னை ஒருவர் முறைத்ததுண்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கேக் கொடுத்ததும் உண்டு. இரண்டும் ஒரே தெரு. போகாதே என்று சொல்ல மாட்டேன். இரவில் தனியாக ரயில் நிலையத்தில் திரியாதே என்று சொல்வேன்.

2 பிப்ரவரி 2025

செப்டம்பர் கணக்கில் சில எண்கள் பழசாகிவிட்டன. குறைந்தபட்சக் கூலி ஜனவரி முதல் 12.82. நாடு முழுவதும் செல்லும் மாதாந்திர ரயில் டிக்கெட் 49-இலிருந்து 58 யூரோ. மாணவர்களுக்குப் பல ஊர்களில் அது செமஸ்டர் பங்களிப்பிலேயே குறைந்த விலையில் அடங்கிவிடும்.

எண்களைவிடப் பெரிய விஷயம் கார்த்தொழில். வோக்ஸ்வாகன் 2030-க்குள் 35,000 பணியிடங்களைக் குறைப்பதாக டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. அதன் தலைமையகம் இருக்கும் வொல்ஃப்ஸ்பர்க் எனக்குப் பக்கத்து ஊர், நான் வேலை பார்ப்பதும் கார் உதிரிபாகத்தில்தான், ஆகவே இது எனக்கு வெறும் செய்தி இல்லை. மெக்கானிக்கல் படித்த தம்பி கேட்க வேண்டிய கேள்வி "எந்தப் பல்கலைக்கழகம்?" என்பதல்ல. "ஜெர்மன் எவ்வளவு தெரியும்?" என்பதுதான்.

ஆங்கிலத்திலேயே வகுப்பு, ஆங்கிலத்திலேயே தேர்வு, ஆங்கிலத்திலேயே ஆய்வேடு. இரண்டரை ஆண்டு நன்றாகத்தான் போகும். பட்டம் வாங்கியபின் வேலை தேட 18 மாத அனுமதி கொடுப்பார்கள். முதல் நேர்காணலில் ஆலை மேற்பார்வையாளர் உட்கார்ந்திருப்பார், அவருக்கு ஆங்கிலம் வராது, வர வேண்டிய அவசியமும் இல்லை. சந்தை நன்றாக இருந்த நாளில் ஜெர்மனில் பி1 என்ற நடுத்தர நிலையில் இருந்தவனையும் எடுத்தார்கள். இப்போது அதற்கு அடுத்த நிலையான பி2-வும் போதவில்லை என்று என் நிறுவனத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஓசூரில் வேலை பார்க்கும்போதே மாலை வகுப்பில் சேரட்டும். சென்னையிலும் கோவையிலும் பயிற்சி மையங்கள் உண்டு, இணைய வகுப்பும் உண்டு. அங்கே ஓராண்டு தாமதித்துப் பி1 முடித்துவிட்டு வந்தால், இங்கே ஒரு செமஸ்டராவது மிஞ்சும்.

இதற்கு ஒரு நண்பர் மறுப்பு எழுதியிருந்தார்: மென்பொருள் துறையில் ஆங்கிலமே போதும் என்று. பெர்லினில், சில நிறுவனங்களில், ஒத்துக்கொள்கிறேன். மருத்துவரிடம் வயிற்றுவலி எந்த இடத்தில் என்று சொல்வதற்கும் மென்பொருளா பயன்படுத்துவார்?

8 ஜூன் 2025

இன்று முழுக்க வெளியே வெயில், அதனால் நல்ல விஷயம்.

ஊர் ஏக்கம் தாங்கவில்லை என்று எழுதிய பெண்ணுக்கு: ஹாம் நகரத்துக்குப் போங்கள். காமாட்சி அம்பாள் கோயில், 2002-இல் கும்பாபிஷேகம் ஆனது, ஈழத்தமிழர்கள் கட்டியது. தொழிற்பேட்டை நடுவே கிடங்குகளைத் தாண்டிப் போனால் திடீரென்று கோபுரம் எழும். கோடைத் தொடக்கத்தில் தேர்த் திருவிழா, ஆயிரக்கணக்கில் கூட்டம், தீர்த்தவாரி டாட்டெல்ன்–ஹாம் கால்வாயில். சரக்குப் படகு போகிற கால்வாய்.

நான் மாதாந்திர டிக்கெட்டில் மெதுரயில் மாறி மாறிப் போனவன். அன்னதான வரிசையில் எனக்கு முன்னால் நின்ற யாழ்ப்பாணத்து அம்மா, "படிக்கிற பிள்ளையோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் தட்டிலிருந்த வடையை எடுத்து என் தட்டில் வைத்தார். அவர்கள் போருக்குத் தப்பி வந்து, உணவகங்களில் பாத்திரம் கழுவி, துப்புரவு வேலை பார்த்து இதையெல்லாம் நிறுத்தியவர்கள். நாம் விமானத்தில் வங்கிக் கடனோடு வந்து "எல்லாம் கஷ்டம்" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கிற கடையும் பெரும்பாலும் அவர்களுடையதுதான்.

26 ஜூலை 2025

இரண்டு செய்தி. ஒன்று, இன்டெல் மாக்டெபுர்க் திட்டத்தை ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டது. மேலே "தள்ளிவைப்பு" என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

இரண்டு, இந்த மாதம் 1-ஆம் தேதி முதல் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதும் வழி உலகம் முழுக்க நிறுத்தப்பட்டுவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும். ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே காகிதங்களைச் சுத்தமாக வையுங்கள். "பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு செல்லாது.

யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. தொகை அதே 11,904தான், ஆனால் நம் பக்கம் பன்னிரண்டு லட்சத்துக்கு அருகில். பத்து லட்ச ஏஜென்டை யாராவது பார்த்தால் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

3 ஆகஸ்ட் 2025

"மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் போவீர்களா?" இதை மட்டும் பலமுறை தாண்டிப் போனேன்.

2020 பிப்ரவரியில் அம்மாயி இறந்துபோனார். எனக்கு அந்த வாரம் ஒரு பாடத்தில் கடைசி வாய்ப்பு. டிக்கெட் விலையைப் பார்த்தேன், தேர்வுத் தேதியைப் பார்த்தேன், மாமாவை அழைத்தேன். "படிச்சவன் நீ, நீயே சொல்லு" என்றார். போகவில்லை. மாமா மகள் தொலைபேசியைப் பிடித்துக் காட்டினாள். பந்தல், நெல்லும் மண்குடமும், யாருடைய முதுகோ. இணைப்பு நின்று நின்று வந்தது. தேர்வில் தேர்ச்சி. அடுத்த மாதம் கொரோனா வந்து எல்லா விமானமும் நின்றது, பல்கலைக்கழக ஆய்வகம் பூட்டப்பட்டது, ஆய்வேடு ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. எப்படியும் தாமதம் ஆகத்தான் போகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தேர்வை விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேனா? கிளம்பியிருந்தால் ஊரிலேயே மாட்டிக்கொண்டிருப்பேன், பட்டமே போயிருக்கலாம். இரண்டு பக்கமும் வாதாடிப் பார்த்துவிட்டேன், தீர்ப்பு வரவில்லை.

போவேன் என்றுதான் நினைக்கிறேன். கடன் அடைந்தது, பத்திரம் வங்கியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியது, வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு ரத்தானதைப் பார்க்க அப்பாவே பதிவு அலுவலகம் போய்வந்தார். ஆனால் ஜெர்மன் கற்றுக்கொண்டு போவேன், கிடங்குப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

14 செப்டம்பர் 2025

ஆஹனுக்குப் போகும் திருநெல்வேலிப் பெண், பெட்டியில் என்னென்ன என்று கேட்டிருக்கிறார். மிளகாய்த்தூளுக்கு இடம் ஒதுக்காதீர்கள், இங்கே கிடைக்கிறது. குக்கர் சின்னது ஒன்று, கேஸ்கட் இரண்டு, விசில் தனியாக ஒன்று; மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், மிக்ஸி ஓடும், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி. பல்லில் ஏதாவது சந்தேகம் இருந்தால் கிளம்புவதற்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் அசல், பட்டச் சான்றிதழ் அசல், ஏ.பி.எஸ். அசல், மூன்றும் கைப்பையில். கீழே போகிற பெட்டியில் வைக்காதீர்கள். தடித்த குளிர்க்கோட்டை சென்னையில் வாங்காதீர்கள், அது சென்னைக் குளிருக்குத்தான். ஆஹனில் எப்போதும் மழை. குடையை விடத் தலைமூடியுள்ள மழைச்சட்டை நல்லது. வந்தவுடன் இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும், அதற்கான நேரத்தை ஊரிலிருந்தே இணையத்தில் பிடித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இறங்கினால் பெரும்பாலான கடைகள் திறந்திருக்காது, ஒரு நாளைக்குச் சாப்பாடு கையில் இருக்கட்டும்.